ஆறு பேருக்கு ஒருவர்

நேயர்களுக்கு வணக்கம். எச்.ஐ.வி. பரவாமல் தடுப்பதில் தெற்கு ஆப்பிரிக்க நாடுகளின் சாதாரண மக்களுக்கு உள்ள பங்கைப் பற்றி இன்று பேசப் போகிறேன்.

மொசாம்பிக் நாட்டில் தேத்தே என்றொரு மாகாணம் இருக்கிறது. அங்கே எச்.ஐ.வி. தொற்றுள்ள ஒருவர் மாதாமாதம் சுகாதார நிலையத்துக்குப் போய்த்தான் மாத்திரை வாங்க வேண்டும் என்றிருந்தது. போக வர வண்டிச் செலவு, ஒரு நாள் வேலை போச்சு, வரிசையில் நிற்கும்போது தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவாரோ என்ற பயம் வேறு. உடம்பு தேறியவர்களுக்கு இன்னொரு எண்ணமும் வரும்: நன்றாகத்தானே இருக்கிறோம், இந்த மாதம் போகாவிட்டால் என்ன? அப்படி விட்டவர்கள் பலர்.

2008-இல் ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ என்ற சர்வதேச மருத்துவ உதவி அமைப்பும் அங்குள்ள சுகாதாரத் துறையும் சேர்ந்து, அந்தப் பொறுப்பை நோயாளிகள் கையிலேயே கொடுத்தன. உடல்நிலை சீராக இருப்பவர்கள் ஆறு பேர் வரை ஒரு குழு. மாதம் ஒருமுறை கூடுவார்கள். ஒவ்வொருவரும் மீந்த மாத்திரையை மற்றவர் முன்னால் எண்ணிக் காட்டுவார். உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒருவரையொருவர் விசாரித்து, தாளில் குறித்துக்கொள்வார்கள். அப்புறம் முறை வந்தவர் கிளம்பிப் போய், தன் உடம்பைக் காட்டி, பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்து, எல்லாருக்கும் சேர்த்து மருந்து வாங்கிவருவார். ஆறு பேர் என்பதால் ஒருவருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் முறை வரும். ரத்தப் பரிசோதனைக்கும் அதே ஆறு மாதம்தான் கெடு! எவ்வளவு அழகான கணக்கு பாருங்கள்.

முதலில் சேர்ந்தவர்கள் 1,384 பேர், 291 குழுக்கள். ஏறக்குறைய ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, வேறு இடத்துக்கு மாறிப்போனவர்கள் நீங்கலாக நூற்றுக்கு 97 பேருக்கு மேல் சிகிச்சையைத் தொடர்ந்துகொண்டிருந்தார்கள். தொடர்பே இல்லாமல் போனவர்கள் இரண்டு பேர்தான். ஏற்கெனவே உடம்பு தேறியவர்களைத்தான் சேர்த்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும் இது பெரிய விஷயம்.

இது சிகிச்சைதானே, இதில் தடுப்பு எங்கே வந்தது என்று கேட்கலாம். தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா, மலாவி, ஜிம்பாப்வே உட்படப் பல நாடுகளில், ஒருவருக்கு மட்டும் தொற்றுள்ள தம்பதிகளிடையே நடந்த ஆய்வின் முடிவு 2011-இல் வந்தது. தொற்றுள்ளவர் சீக்கிரமே மருந்தைத் தொடங்கினால், துணைக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைகிறது. பரிசோதனையில் தெரியாத அளவுக்கு வைரஸ் அடங்கிவிட்டால் உடலுறவு வழியாகப் பரவுவதே இல்லை என்பதும் பிறகு உறுதியானது. ஆக, ஒருவரை மாத்திரையை விடாமல் பார்த்துக்கொள்கிற அக்கம்பக்கத்தார் இன்னொருவருக்கு நோய் வராமலும் காக்கிறார்கள்.

தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவுவதைத் தடுப்பதிலும் இதே கதைதான். 2001-இல் கேப் டவுனில் டாக்டர் மிட்ச் பெஸர் ‘மதர்ஸ் டு மதர்ஸ்’ அமைப்பைத் தொடங்கினார். தொற்றோடு பிள்ளை பெற்று வளர்க்கும் பெண்களையே பயிற்சி கொடுத்து, சம்பளத்துக்கு வேலைக்கு வைத்தார். ஏன் அவர்கள்? பால் கொடுக்கிற விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தாய் மருந்து சாப்பிட்டுக்கொண்டு, முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுத்தால் குழந்தைக்குப் பாதுகாப்பு. ஆனால் மூன்றாம் மாதமே மாமியார் கஞ்சி ஊட்ட வருவார். வேண்டாம் என்றால் காரணம் கேட்பார். புட்டிப்பால் கொடுத்தாலோ, இவளுக்கு அந்த நோய் இருக்கிறது என்று தெருவே பேசும். இதற்கு டாக்டரிடம் பதில் கிடைக்காது. அதே மாதிரி வீட்டில் அதே பேச்சைக் கேட்டுச் சமாளித்த ஒரு பெண்ணிடம்தான் கிடைக்கும்.

சம்பளத்துக்கு என்று சொன்னேன் இல்லையா, அதில் எனக்கு அழுத்தம் உண்டு. தெற்கு ஆப்பிரிக்க நாடுகள் முழுக்க வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்த பெண்கள் எத்தனையோ பேர் வெறும் கைச்செலவுக் காசுக்கு உழைத்தார்கள். சேவை என்று பெயர் வைத்து ஏழைப் பெண்ணின் உழைப்பை இலவசமாக வாங்குவது நியாயமே இல்லை.

2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது முதலில் அடிபட்டவர்களும் இவர்கள்தான். தென்னாப்பிரிக்கா தன் எச்.ஐ.வி. செலவில் பெரும்பகுதியைத் தானே ஏற்கிறது. மருந்தை அரசே வாங்குகிறது. ஆனால் களத்தில் இறங்கி ஆளைத் தேடிப் போகிறவர்களில் ஆயிரக்கணக்கானோரின் சம்பளம் அமெரிக்கப் பணத்திலிருந்துதான் வந்தது. ஒரே நாளில் வேலை போயிற்று.

அதற்கு முந்தைய ஆண்டுதான் நல்ல செய்தி ஒன்று வந்திருந்தது. எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் லெனகாபவிர் என்ற ஊசி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டால் போதும். தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் நடந்த ஆய்வில் இதைப் போட்டுக்கொண்ட 2,134 இளம்பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை. ஊசி போடுவதற்கு முன்னால் பரிசோதனை செய்ய வேண்டும். ஆறு மாதம் கழித்து மறக்காமல் திரும்பவும் வரவைக்க வேண்டும். அந்த வேலையைச் செய்யக்கூடியவர்களைத்தான் வேலையை விட்டு அனுப்பியிருக்கிறோம். அரசுகளிடமும் நிதி தருகிறவர்களிடமும் நான் கேட்பது, ஊசி வாங்க ஒதுக்கும் பணத்தோடு இந்தப் பெண்களின் மாதச் சம்பளத்தையும் சேர்த்து எழுதுங்கள் என்பதைத்தான்.

நன்றி, வணக்கம்.