குழாய்க்குள் எத்தனை டிகிரி?

நேயர்களுக்கு வணக்கம். கொவிட்-19 காலத்தில் ‘பி.சி.ஆர். பரிசோதனை’ என்ற பெயர் சிங்கப்பூரில் எல்லார் காதிலும் விழுந்தது. டி.என்.ஏ.வின் ஒரு பகுதியைப் பல கோடி நகல்களாகப் பெருக்கும் முறை அது. அமெரிக்க வேதியியலாளர் காரி மல்லிஸ் 1983இல் கண்டறிந்து, 1993இல் வேதியியல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொள்ளக் காரணமான அம்முறை மரபணுப் பொறியியலிலும் பெரிதும் பயன்படுகிறது.

அதற்கான கருவி பல ஆயிரம் வெள்ளி விலையுள்ளது. ஆனால் அது செய்யும் வேலை, ஒரு துளி நீர்மத்தை 95 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, 55 அல்லது 60க்குத் தணித்து, மறுபடி 72க்கு ஏற்றி, இதையே சுமார் 30 முறை திருப்பிச் செய்வதுதான். 95இல் டி.என்.ஏ.வின் ஈரிழைகளும் பிரிகின்றன. தணியும்போது, நகலெடுக்க வேண்டிய பகுதியின் முனைகளில் தொடக்கத் துண்டுகள் என்னும் குட்டி டி.என்.ஏ. இழைகள் ஒட்டுகின்றன. 72இல், வெந்நீர் ஊற்றில் வாழும் பாக்டீரியாவிலிருந்து பெற்ற நொதி புதிய இழையைக் கட்டுகிறது. ஒவ்வொரு சுற்றும் இரட்டித்தால், ஒரு மூலக்கூறு 30 சுற்றில் நூறு கோடியைத் தாண்டும்.

நான் வழிகாட்டிய நான்கு மாணவர்கள் மின்னணுப் பாகங்கள் விற்கும் சிம் லிம் டவரில் பெல்டியர் தகடு (மின்சாரத்தால் சூடாக்கவும் குளிர்விக்கவும் வல்லது), விசிறி, வெப்ப உணரி, ஆர்டுயினோ பலகை (நிரல் எழுதி இயக்கும் சிறு கட்டுப்பாட்டுப் பலகை) ஆகியவற்றை வாங்கி, அலுமினியக் கட்டையில் துளையிட்டு, ஒரு விடுமுறைக்குள் கருவியைக் கட்டி முடித்தார்கள். மின்சாரத்துக்கு, கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் 12 வோல்ட் அடாப்டரையே பயன்படுத்த வேண்டும் என்பதில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். திரையில் எண்கள் சரியாகவே ஓடின. டி.என்.ஏ. துண்டுகளை நீளவாரியாகப் பிரித்துப் பட்டைகளாகக் காட்டும் ஜெல்லிலோ மூன்று வாரமாக ஒரு பட்டைகூடத் தெரியவில்லை.

உணரி கட்டையில் இருந்தது, டி.என்.ஏ.யோ குழாய்க்குள் இருந்தது. மயிரிழை போன்ற வெப்பமின் இரட்டையை (வெப்பநிலை அளக்கும் மெல்லிய கம்பி இணையை) நீர் நிரப்பிய குழாய்க்குள் இறக்கிப் பார்த்தபோது, கட்டை 95ஐக் காட்டிய நேரத்தில் நீர் 88ஐத்தான் எட்டியிருந்தது; ஈரிழைகள் சரிவரப் பிரிய அது போதவில்லை. அந்த 7 டிகிரியைத் தாங்களே அளந்து கண்ட மாணவர்கள், விலையுயர்ந்த கருவியின் பொத்தானை மட்டும் அழுத்திப் பழகியவர்களைவிடப் பி.சி.ஆரை ஆழமாக அறிந்தவர்கள் என்பது என் உறுதியான எண்ணம். காத்திருக்கும் நொடிகளைக் கூட்டினார்கள். நீர்மம் ஆவியாகி மூடியில் படிவதைத் தடுக்க, சூடேறும் மூடிக்குப் பதிலாக ஒரு துளி மினரல் எண்ணெயை மேலே விட்டார்கள். பழைய ஆய்வுக்கூட வழக்கம்தான் அது.

எந்த உயிரினத்தையும் மாற்றுவது எங்கள் நோக்கமில்லை. அதற்குச் சிங்கப்பூரின் மரபணு மாற்ற ஆலோசனைக் குழுவின் வழிகாட்டுதல்களும் முறையான ஆய்வுக்கூடமும் வேண்டும். நாங்கள் தேக்கா சந்தையில் வாங்கிய பப்பாளியின் பசுங்கணிக (ஒளிச்சேர்க்கை நடக்கும் செல் பகுதியின்) மரபணு ஒன்றைப் பெருக்கிப் பார்க்கவே முயன்றோம். 1998இல் ஹவாயில் மரபணு மாற்றப்பட்ட பப்பாளி பயிரிடப்பட்டதைப் படித்திருந்த ஒரு மாணவிதான் அந்தப் பழத்தைத் தேர்ந்தெடுத்தார். நான்காம் வாரத்தின் சனிக்கிழமை மாலையில், நீல ஒளியின்கீழ், ஜெல்லின் இரண்டாம் பாதையில், எதிர்பார்த்த நீளத்திலேயே ஒரு பட்டை மெல்ல ஒளிர்ந்தது.