நம்ம பக்கத்துக்கு வியாழக்கிழமை

வணக்கம் நேயர்களே.

இந்த நியூயார்க் நகரத்து வானொலிகளில் காலையில் வானிலை சொல்வார்கள், எந்தப் பாலத்தில் நெரிசல் என்று சொல்வார்கள், கூடவே ஒரு வரி சொல்வார்கள்: "இன்றைக்கு ஆல்டர்நேட் சைடு பார்க்கிங் உண்டு." சில நாள் "இன்றைக்கு இல்லை" என்பார்கள். தெருவில் கார் நிறுத்துகிறவர்களுக்கு மழை வருமா என்பதைவிட இந்த ஒரு வரிதான் முக்கியம். இதைப் பற்றிப் பேசத்தான் என்னை அழைத்திருக்கிறார்கள்.

வெளியூரில் இருந்து கேட்பவர்களுக்கு முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இங்கே பெரும்பாலான வீடுகளுக்குக் கார் நிறுத்த இடம் கிடையாது. எல்லா வண்டியும் தெரு ஓரத்தில்தான் நிற்கும். தெருவைப் பெருக்க வண்டி வரும்போது ஓரம் காலியாக இருக்க வேண்டும். அதனால் ஒரு நாள் இந்தப் பக்கம், மறுநாள் அந்தப் பக்கம் என்று முறை வைத்திருக்கிறார்கள். இதற்குத்தான் ஆல்டர்நேட் சைடு பார்க்கிங் என்று பெயர். நான் இருக்கும் குவீன்ஸ் பகுதியில், ஜாக்சன் ஹைட்ஸில், எங்கள் வீட்டுப் பக்கத்துக்குத் திங்களும் வியாழனும், எதிர்ப்பக்கத்துக்குச் செவ்வாயும் வெள்ளியும். காலை ஒன்பதரை முதல் பதினொன்று வரை. கம்பத்தில் ஒரு பலகை இருக்கும். P எழுத்தின் மேல் துடைப்பம் படம் போட்டு, நேரத்தை எழுதியிருப்பார்கள். அந்த நேரத்தில் வண்டி நின்றால் எங்கள் பகுதியில் 45 டாலர் அபராதம். மன்ஹாட்டனில் 96ஆம் தெருவுக்குத் தெற்கே 65 டாலர்.

நான் இந்தத் தெருவுக்குக் குடிவந்த இரண்டாவது வாரமே வண்டிக் கண்ணாடியில் ஆரஞ்சு உறை செருகியிருந்தது. என் வண்டிக்கு நேராக இருந்த கம்பத்தில் பலகையே இல்லை. அந்தக் கோபத்தில் படம் எடுத்து முறையீடு செய்தேன். தள்ளுபடியாகிவிட்டது. அப்புறம்தான் தெரிந்தது, ஒரு பிளாக்கில், அதாவது இரண்டு குறுக்குத் தெருக்களுக்கு நடுவில், ஏதாவது ஓர் இடத்தில் ஒரு பலகை இருந்தாலே போதும், அது முழு பிளாக்குக்கும் அறிவிப்பு என்பது இங்கே விதி. தெருவின் இரு முனைக்கும் நடந்து பார்க்க வேண்டியது நம் வேலை. 45 டாலர் கொடுத்து நான் கற்றது அது.

ஆனால் உண்மையில் நான் கற்றுக்கொண்டது அதற்கடுத்த வியாழக்கிழமை. அன்று வேலைக்குப் போகாமல் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து, பெருக்கும் வண்டி என்னதான் செய்கிறது என்று பார்த்தேன். ஆள் உள்ளே இருந்து, வண்டி வந்ததும் நகர்த்திக் கொடுத்தால் பெரும்பாலும் டிக்கெட் எழுத மாட்டார்கள். அது சலுகைதான், உரிமை இல்லை.

பத்தேகாலுக்கு முனையில் திரும்பியது. முன்னால் தண்ணீர் பீச்சிக்கொண்டு வருகிறது, தூசி கிளம்பாமல் இருக்க. ஓரத்தில் தட்டு மாதிரி ஒரு துடைப்பம் சுழல்கிறது. கம்பி மாதிரி தடித்த இழைகள். நடைபாதைக் கல்லும் தார்ச்சாலையும் சேரும் மூலையில் கிடப்பதையெல்லாம் அது சுரண்டி வெளியே இழுத்துப் போடுகிறது. வண்டிக்கு அடியில் உருளை போல் சுற்றும் பெரிய துடைப்பம் அதை வாரி உள்ளே அனுப்புகிறது. குப்பை முழுக்கச் சேர்வது அந்த மூலையில்தான். மழைத் தண்ணீர் ஓடுவதும் அங்கேதான்.

எங்கள் வரிசையில் ஒரே ஒரு சாம்பல் நிறக் கார் நகராமல் நின்றது. பெருக்கும் வண்டி நீளமானது, சட்டென்று வளைந்து சட்டென்று ஒட்ட முடியாது. அந்தக் காருக்குக் கொஞ்சம் முன்பே வெளியே வளைந்தது, தாண்டிக் கொஞ்சம் தூரம் போன பிறகுதான் மறுபடி ஓரத்தைப் பிடித்தது. நான் இறங்கிப் போய்ப் பார்த்தேன். ஈரமான சுத்தமான கோடு ஓர் இடத்தில் நின்றுவிட்டது. அதற்கப்புறம் காய்ந்த மேப்பிள் இலைகள், காபிக் கோப்பை மூடிகள், உடைந்த கண்ணாடித் துண்டு, ஒரு குழந்தையின் ஒற்றைக் காலுறை. அதற்கடுத்து மறுபடி ஈரக் கோடு. ஒரு கார் நின்றது, ஆனால் அழுக்காகவே விடுபட்டது அதற்கு முன்னும் பின்னும் இருந்த இடமும் சேர்த்து. அந்த விடுபட்ட இடத்தில்தான் மழைநீர் இறங்கும் சாக்கடை வாயும் இருந்தது.

அபராதம் எதற்கு என்பது எனக்கு அன்றைக்குப் புரிந்தது. நாற்பது பேர் தூக்கத்தை விட்டு எழுந்து வண்டியை நகர்த்தியிருக்கிறார்கள். அதில் ஒரு பகுதி வீணாகப் போனது.

இது இந்த ஊருக்குப் புதிய சண்டை இல்லை. 1895இல் ஜார்ஜ் வேரிங் என்ற பொறியாளர், அமெரிக்க உள்நாட்டுப் போரில் கர்னலாக இருந்தவர், தெருச் சுத்தத் துறையின் ஆணையரானார். அப்போது தெருவெல்லாம் குதிரைச் சாணம். அதோடு, ராத்திரியில் குதிரையை அவிழ்த்துக் கொட்டிலில் கட்டிவிட்டு, பார வண்டிகளைத் தெருவிலேயே வரிசையாக விட்டுவிட்டுப் போவார்கள். நிறுத்த இடமில்லை என்பதே அன்றைக்கும் காரணம். வண்டி நிற்கும் இடத்தைப் பெருக்க முடியாது என்று வேரிங் அவற்றைத் தெருவிலிருந்து அப்புறப்படுத்தினார். எதிர்ப்பு பலமாக இருந்தது. துப்புரவுத் தொழிலாளர்களுக்கு வெள்ளைச் சீருடை கொடுத்ததும் அவர்தான். 1896இல் அந்த வெள்ளைச் சீருடையில் அவர்களை நகரத்தின் நடுவே அணிவகுத்து நடக்க வைத்தார். அவ்வளவு நாளாக யாரும் ஏறெடுத்துப் பார்க்காத மனிதர்களை ஊர் நின்று பார்த்தது.

எனக்கு அவருடைய வேலையில் மிகவும் பிடித்தது வேறொன்று. மன்ஹாட்டனில் லோயர் ஈஸ்ட் சைடு என்கிற அன்றைய கீழ்க் கிழக்குப் பகுதி முழுக்க, அப்போதுதான் கப்பலில் வந்து இறங்கிய குடும்பங்கள். ஒரே கட்டடத்தில் பத்துக் குடும்பம், இருபது குடும்பம். அப்பா அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, துறையின் அறிவிப்பைப் படிக்க முடியாது. வேரிங் பிள்ளைகளைப் பிடித்தார். சிறுவர் தெருச் சுத்தச் சங்கங்கள் அமைத்தார். பிள்ளைகளுக்குச் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வில்லை, ஓர் உறுதிமொழி. விதியை வீட்டுக்கு வீடு தங்கள் மொழியில் கொண்டுபோனது அந்தப் பிள்ளைகள்தான். கியூபாவின் ஹவானாவில் சுகாதார நிலையை ஆராயப் போய்த் திரும்பிய வேரிங், 1898இல் மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். அதற்கு அரை நூற்றாண்டு கழித்து, 1950இல், அதே கீழ்க் கிழக்குப் பகுதியில்தான் இன்றைய ஆல்டர்நேட் சைடு முறையும் தொடங்கியது.

சரி, அபராதத்துக்கு வருகிறேன். அபராதம் போட்டால் எல்லாரும் நகர்த்திவிடுவார்களா? மாட்டார்கள். மன்ஹாட்டனில் மாதக் கட்டணத்துக்குக் கராஜில் நிறுத்துவதென்றால் பல நூறு டாலர் ஆகும். வசதி உள்ள ஒருவர் கணக்குப் போட்டுப் பார்க்கிறார். எப்போதாவது 65 டாலர் கட்டினால் போகிறது என்று அவருக்கு அது வாடகை மாதிரி ஆகிவிடுகிறது. அதே தொகை எங்கள் தெருவில் ஒரு வீட்டில் ஒரு வாரத்து மளிகை. முப்பது நாளில் கட்டாவிட்டால் மேலே 10, அப்புறம் 20, அப்புறம் 30 என்று ஏறும். தீர்ப்பான பாக்கி 350 டாலரைத் தாண்டினால் சக்கரத்தில் பூட்டுப் போட்டுவிடுவார்கள். வேலைக்குப் போக அந்த வண்டியை நம்பி இருப்பவருக்கு இது சிறிய விஷயம் இல்லை.

அபராதம் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதற்கு இந்த ஊரிலேயே ஓர் ஆய்வு இருக்கிறது. ஐக்கிய நாடுகள் சபைக்கு வரும் தூதரக அதிகாரிகளுக்குப் பார்க்கிங் டிக்கெட் எழுதலாம், ஆனால் பல ஆண்டுகளாகப் பணத்தை வசூலிக்க முடியாமல் இருந்தது. அந்தப் பாதுகாப்பு அவர்களுக்கு இருந்தது. ரேமண்ட் ஃபிஸ்மன், எட்வர்ட் மிகெல் என்ற இரண்டு பொருளியலாளர்கள் அந்தக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். 1997 முதல் 2002 வரை கட்டப்படாத டிக்கெட்டுகள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். ஆனால் நார்வே, சுவீடன், ஜப்பான் நாட்டு அதிகாரிகள் பேரில் பாக்கியே கிடையாது. யாரும் கேட்க முடியாத நிலையிலும் அவர்கள் ஒழுங்காக நடந்திருக்கிறார்கள். ஊரில் பழகியதைக் கூடவே கொண்டுவந்திருக்கிறார்கள். 2002இல், கட்டாதவர்களின் தூதரக நம்பர் பலகையைப் பிடுங்கலாம் என்று சட்டம் வந்ததும் மற்றவர்களின் மீறலும் மளமளவென்று குறைந்துவிட்டது. எனக்கு இந்த இரண்டுமே முக்கியமாகப் படுகிறது. தண்டனை இல்லாமல் சரிப்படாதவர்கள் உண்டு. தண்டனையே தேவைப்படாத அளவுக்குப் பழக்கமும் மனிதருக்கு உண்டு.

அவமானப்படுத்தியும் பார்த்தார்கள். 1988 முதல், நகராத வண்டியின் கண்ணாடியில் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் ஒரு பெரிய ஸ்டிக்கர் ஒட்டினார்கள். இந்த வண்டியால் தெருவைச் சரியாகச் சுத்தம் செய்ய முடியவில்லை என்று அதில் எழுதியிருக்கும். லேசில் உரியாது. எங்கள் தெருவில் ஒரு பெரியவர் குளிரில் நின்று பிளேடால் சுரண்டியதை நான் பார்த்திருக்கிறேன். முக்கால் மணி நேரம் சுரண்டினார். அடுத்த வாரம் அவர் சீக்கிரம் எழுந்து வண்டியை எடுத்தாரா என்றால், இல்லை. ஆத்திரம்தான் மிஞ்சியது. 2012இல் நகர மன்றம் அந்த ஸ்டிக்கரை நிறுத்தியது. நிறுத்தியது நல்லதுதான் என்று நான் நினைக்கிறேன்.

பிறகு எதுதான் வேலை செய்தது? எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு மதுரைப் பக்கத்துப் பெண் ஒருவர் குடிவந்தார். செவிலியர், இரவுப் பணி. காலை எட்டரைக்கு வந்து, கிடைத்த இடத்தில் வண்டியை விட்டுவிட்டு, படுத்தால் மூன்று மணிக்குத்தான் எழுவார். ஒரே மாதத்தில் மூன்று டிக்கெட். 135 டாலர். ஒரு நாள் சாயங்காலம் மாடிப்படியில் என்னை நிறுத்தி, "அண்ணா, நான் வேணும்னு செய்யலை. அலாரம் வச்சாலும் காதுல விழலை. நான் ராத்திரி முழுக்க நிக்கிறேன்ணா" என்றார். கையில் மூன்று ஆரஞ்சு உறையும் இருந்தன.

எனக்கு அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. அந்த மூன்று நாளும் நான் அந்தக் காரைப் பார்த்திருக்கிறேன். "யாரோ பொறுப்பில்லாதவர்" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு கடந்து போயிருக்கிறேன். பக்கத்து வீட்டு ஈக்வடார் நாட்டு அம்மாவும் பார்த்திருக்கிறார். எதிர்வீட்டு வங்காளக் குடும்பமும் பார்த்திருக்கிறது. யாரும் கதவைத் தட்டவில்லை.

மறுநாளே அந்தப் பெண்ணின் இன்னொரு சாவியை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். திங்களும் வியாழனும் அவருடைய வண்டியையும் நானே நகர்த்தினேன். அப்புறம் ஈக்வடார் அம்மா வாட்ஸப்பில் ஒரு குழு தொடங்கினார். அதில் எங்கள் வரிசையில் கார் வைத்திருக்கும் பதினேழு வீடுகள். முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்கு ஒரு செய்தி வரும்: "நாளைக்கு நம்ம பக்கம்." ஸ்பானிஷில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. வங்காளியில் எதிர்வீட்டுப் பையன் போடுவான். மருத்துவமனையில் இருப்பவர், ஊருக்குப் போனவர், பிரசவத்துக்குக் காத்திருப்பவர் என்று யார் சொன்னாலும் யாராவது ஒருவர் நகர்த்திவிடுவார்கள். அந்தப் பெண்ணுக்கு அதற்கப்புறம் டிக்கெட் வரவில்லை.

ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். பெருக்கும் நேரத்தில் எதிர்ப்பக்கத்தில் இரண்டாம் வரிசையாக நிறுத்துவது இங்கே பல தெருக்களில் வழக்கம். அது எந்த நேரமும் சட்டப்படி தவறுதான். எங்கள் தெருவிலும் செய்துகொண்டிருந்தோம். ஒரு முறை ஆம்புலன்ஸ் நடுவில் மாட்டிக்கொண்டு நின்றது. உள்ளே இருந்தவரின் மகள் இறங்கி, ஒவ்வொரு கண்ணாடியிலும் எழுதி வைத்திருந்த போன் நம்பரைத் தேடிக்கொண்டு ஓடினாள். அன்றோடு நாங்கள் விட்டுவிட்டோம். அதைச் செய்கிறவர்கள் தயவுசெய்து யோசியுங்கள்.

2020 கோடையில் தொற்றுக் காலத்தை ஒட்டி நகரம் இந்த முறையைத் தளர்த்தியது. பலகையில் இரண்டு நாள் இருந்தாலும் வாரம் ஒரு நாள் நகர்த்தினால் போதும் என்றார்கள். 2022 ஜூலை 5ஆம் தேதிதான் பழைய முறை திரும்பியது. அந்த இரண்டு ஆண்டும் எல்லாருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி, மறுக்கவில்லை. ஆனால் நடைபாதை ஓரம் எப்படி மாறியது என்பதையும் பார்த்தோம். முகக்கவசங்கள், இலைக்குழம்பு, பிளாஸ்டிக். இடையில் 2021 செப்டம்பர் 1ஆம் தேதி இரவு ஐடா புயலின் மழை வந்தது. சென்ட்ரல் பார்க்கில் ஒரு மணி நேரத்தில் 3.15 அங்குலம். இந்த நகரத்துக் கழிவுநீர்க் குழாய்கள் மணிக்கு ஏறக்குறைய 1.75 அங்குலத்துக்கு மேல் தாங்காது. குவீன்ஸில் நிலவறை வீடுகளில் இருந்தவர்கள் தூக்கத்திலேயே வெள்ளத்தில் மாட்டி இறந்தார்கள். எங்களைப் போலக் குடியேறி வந்தவர்கள். அன்றைய மழையைத் தெருப் பெருக்கல் தடுத்திருக்காது, அப்படி நான் சொல்லவில்லை. ஆனால் அதற்கப்புறம் சாக்கடை வாய்க்கு மேல் ஒரு வண்டி நின்று, அடியில் இலை அடைத்துக் கிடப்பதைப் பார்த்தால் எனக்குச் சும்மா இருக்க முடிவதில்லை.

ஃபிளஷிங்கில் பௌன் தெரு விநாயகர் கோயிலுக்கு லாங் ஐலண்டில் இருந்தும் நியூ ஜெர்சியில் இருந்தும் வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் ஊரில் வீட்டு வாசலில் நிறுத்திப் பழகியிருப்பீர்கள். இங்கே இறங்கியதும் பலகையைத் தேடுங்கள், பிளாக்கின் இரண்டு முனையும். பெருக்கும் வண்டி போய்விட்டது என்று நம்பி வண்டியைத் திருப்பி விட்டுவிட்டு உள்ளே போகாதீர்கள், எழுதிய நேரம் முடியும்வரை விதி விதிதான். தீபாவளி, ஈத், யூதர்களின் புத்தாண்டு, சீனப் புத்தாண்டு என்று பல பண்டிகை நாட்களில் விலக்கு உண்டு. ஆனால் நம் தீபாவளி சில ஆண்டுகளில் வட இந்தியர்களுடையதற்கு ஒரு நாள் முந்தி வரும். 2018இல் நமக்கு நவம்பர் 6, அவர்களுக்கு 7. நகரத்தின் பட்டியலில் எந்தத் தேதி போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் நகர நிர்வாகத்தின் உதவி எண்ணான 311க்குப் போன் செய்தால் சொல்வார்கள். பொங்கல் அந்தப் பட்டியலில் இல்லை.

எங்கள் தெருவில் போன வாரம் ஒரு குடும்பம் வந்து இறங்கியிருக்கிறது. வேறு மாநிலத்து நம்பர் பலகை. கைக்குழந்தை இருக்கிறது. அவர்கள் வண்டியை விட்டிருக்கும் இடத்துக்கு மேலே இருக்கும் பலகையை மரக்கிளை மூடியிருக்கிறது. கிளையை வெட்டச் சொல்லி 311இல் பதிந்துவிட்டேன், இன்னும் ஆள் வரவில்லை. நாளைக்கு வியாழக்கிழமை. நான் இங்கிருந்து போனதும் முதலில் அவர்கள் கதவைத் தட்ட வேண்டும்.

நன்றி, வணக்கம்.