எனக்கும் சேர்த்து

நேயர்களுக்கு வணக்கம்.

கிறிஸ்தவர்களில் ஒரு பிரிவினரான மெதடிஸ்ட்டுகளின் ஜெப வாழ்க்கையைப் பற்றிப் பேசுங்கள் என்று கேட்டதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது ஆலயம் இல்லை, ஒரு ஏப்ரன். இங்கிலாந்தில் எப்வொர்த் என்ற ஊரில் இருந்த குருவானவரின் மனைவி சூசன்னா வெஸ்லி. பத்தொன்பது பிள்ளைகளைப் பெற்றவர்; அவர்களில் பலரைப் பச்சைக் குழந்தைகளாகவே பறிகொடுத்தவர். அந்த வீட்டில் தனியாக உட்கார இடம் ஏது? கட்டியிருந்த ஏப்ரனைத் தூக்கித் தலைக்கு மேல் போட்டுக்கொள்வாராம். அம்மா ஜெபத்தில் இருக்கிறார், தொந்தரவு செய்யக் கூடாது என்று பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும்.

அந்தப் பிள்ளைகளில் ஒருவர்தான் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி. கடைசிக் காலத்தில் லண்டன் சிட்டி ரோட்டில் அவர் குடியிருந்த வீடு இன்றும் இருக்கிறது. படுக்கையறையை ஒட்டி ஒரு சின்ன ஜெப அறை. அதிகாலை நான்கு மணிக்கே எழுந்துவிடும் பழக்கம் அவருக்கு. தாயின் ஏப்ரன்தான் மகனுக்கு ஓர் அறையானது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

எழுதி வைத்த ஜெபமா, மனதிலிருந்து வரும் ஜெபமா, எது உங்கள் வழக்கம் என்று சிலர் கேட்பதுண்டு. இரண்டும்தான். 1784இல் அமெரிக்க மெதடிஸ்ட்டுகளுக்கு இங்கிலாந்து திருச்சபையின் ஜெபப் புத்தகத்தைச் சுருக்கி அனுப்பிய வெஸ்லி, ஞாயிறு அதன்படி ஆராதியுங்கள், புதனும் வெள்ளியும் மட்டும் அதிலுள்ள லித்தானியாவை, அதாவது குருவும் சபையும் மாறி மாறிச் சொல்லும் வேண்டுதலை வாசியுங்கள், மற்ற நாட்களில் எழுத்தில்லாமல் ஜெபியுங்கள் என்றார்.

ஆனால் எழுதிய ஜெபத்தின் அருமை எனக்குத் தெரிந்தது உடன்படிக்கை ஆராதனையில்; கடவுளுக்கு எங்களை மறுபடியும் ஒப்புக்கொடுக்கும் ஆராதனை அது. 1755 ஆகஸ்டில் லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் வெஸ்லி முதன்முதலாக அதை நடத்தியபோது, ஏறக்குறைய 1800 பேர் எழுந்து நின்று சம்மதம் தெரிவித்தார்கள். எங்கள் சபையில் புது வருடம் பிறந்ததும் வரும் ஞாயிற்றுக்கிழமையில் நடக்கும். நான் இனி என்னுடையவன் அல்ல, உம்முடையவன். உமக்காக என்னை வேலையில் வைத்தாலும் சரி, ஒதுக்கி வைத்தாலும் சரி என்று எல்லோரும் சேர்ந்து சொல்ல வேண்டும். சின்ன வயதிலிருந்து மனப்பாடம்.

ஒரு டிசம்பரில் என் வேலை போனது. பதினாறு வருடம் உழைத்த இடம். ஒரே கடிதத்தில் முடித்துவிட்டார்கள். ஜனவரியில் அந்த ஆராதனைக்குப் போய் நின்றேன். 'ஒதுக்கி வைத்தாலும்' என்ற இடம் வந்தது. தொண்டை அடைத்துக்கொண்டது. மனதில் கோபம் இருக்கும்போது அந்த வரியைச் சொன்னால் பொய்யாகிவிடுமே என்று வாயை மூடிக்கொண்டேன்.

பக்கத்தில் ஒரு வயதான அம்மா. கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. என் கையில் இருந்த புத்தகத்தின் ஓரத்தைப் பிடித்து, அந்த வரியின் மேல் விரலை வைத்து, எனக்கும் சேர்த்துச் சத்தமாக வாசித்தார்.