ஆறு லட்சம் வாக்குகளும் ஓர் அவசரப் பழியும்

அவையோருக்கு வணக்கம்.

2008 நவம்பர் 4 அன்று கலிபோர்னியா மக்கள் ஒரே தேர்தலில் இரண்டு முடிவுகளைச் சொன்னார்கள். பராக் ஒபாமாவுக்கு 61 சதவீத வாக்கை அள்ளிக் கொடுத்தார்கள். கூடவே, திருமணம் என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில் மட்டுமே என்று மாநில அரசியலமைப்பைத் திருத்தும் ‘முன்மொழிவு 8’ஐயும் நிறைவேற்றினார்கள். அதே ஆண்டு மே 15இல்தான் மாநில உச்ச நீதிமன்றம் 4க்கு 3 என்ற கணக்கில் தன்பாலினத் திருமணத்தை அனுமதித்திருந்தது. ஜூன் நடுவிலிருந்து நவம்பருக்குள் சுமார் 18,000 இணையர்கள் மணம் செய்திருந்தார்கள். ஐந்து மாதத்தில் அந்தக் கதவு மூடிவிட்டது.

இறுதிக் கணக்கு இது: தடைக்கு ஆதரவாக 70,01,084. எதிராக 64,01,482. வித்தியாசம் 5,99,602. இந்தக் கடைசி எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய பேச்சு முழுக்க இதைச் சுற்றித்தான்.

வாக்குச்சாவடியிலிருந்து வெளியே வருகிறவர்களிடம் கேட்டுத் தொகுக்கும் எக்ஸிட் போல் அன்றிரவே வெளியானது. அதில் ஒரு வரி: கறுப்பின வாக்காளர்களில் 70 சதவீதம் தடையை ஆதரித்தார்கள். இதுவே ஒரு முடிவாக இறுகிவிட்டது. ‘ஒபாமாவுக்காகத் திரண்டு வந்தவர்கள்தான் நம்மைக் கவிழ்த்தார்கள்’ என்ற பேச்சு பரவியது. லாஸ் ஏஞ்சலஸ் ஊர்வலங்களில் வழியே போன கறுப்பினத்தவர்கள் மீதும், தன்பாலீர்ப்பாளராகவே அந்த ஊர்வலத்துக்கு வந்திருந்த கறுப்பினத்தவர்கள் மீதும் இனவசை விழுந்ததாகச் செய்திகள் வந்தன. ஊர்வலத்துக்கு வந்திருந்த அந்தக் கறுப்பினத்தவர்களும் அந்தத் தேர்தலில் தோற்ற தரப்பு. தோற்றவர் தோற்றவரையே அடித்த கதை.

கணக்கைப் போடுவோம். ஒரு சமூகம் முடிவைத் தீர்மானித்ததா என்று பார்க்க மூன்று எண்கள் வேண்டும்: மொத்த வித்தியாசம், வாக்களித்தவர்களில் அச்சமூகத்தின் பங்கு, அச்சமூகத்துக்குள் ஆதரவும் எதிர்ப்பும். கடைசி இரண்டையும் வைத்து அவர்கள் ஒரு பக்கத்துக்குத் தந்த நிகர வாக்கைக் கண்டுபிடித்து, மொத்த வித்தியாசத்தோடு ஒப்பிட வேண்டும். அவ்வளவுதான். கால்குலேட்டர் இருந்தால் இரண்டு நிமிட வேலை.

எக்ஸிட் போல் கறுப்பினத்தவரின் பங்கை 10 சதவீதம் என்றது. மொத்தம் 1,34,02,566 வாக்கில் அது சுமார் 13 லட்சத்து 40 ஆயிரம். 70க்கு 30 என்றால் நிகரம் 40 சதவீதம், அதாவது ஏறக்குறைய 5 லட்சத்து 36 ஆயிரம். வித்தியாசமோ கிட்டத்தட்ட 6 லட்சம். பழி சொன்னவர்கள் கையிலெடுத்த எண்களையே அப்படியே ஏற்றுக்கொண்டாலும், கறுப்பினத்தவர்கள் சரிபாதியாகப் பிரிந்திருந்தாலும், ஏன், ஒருவர்கூட வாக்களிக்காமல் வீட்டிலேயே இருந்திருந்தாலும், தடை 63 ஆயிரம் வாக்குகளில் வென்றிருக்கும். 

அதே எக்ஸிட் போலில் வெள்ளையரின் பங்கு 63 சதவீதம். அவர்களில் 49 சதவீதம் தடைக்கு ஆதரவு. கணக்கிட்டால் 41 லட்சம். தடைக்கு விழுந்த 70 லட்சத்தில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் வந்தது. ‘வெள்ளையர்கள் கவிழ்த்துவிட்டார்கள்’ என்று யாரும் ஊர்வலத்தில் கத்தவில்லை. பெரும்பான்மைச் சமூகத்தில் ஒருவர் எப்படி வாக்களித்தாலும் அது அவரது சொந்தக் கருத்தாகிவிடுகிறது. சிறுபான்மைச் சமூகத்தில் ஒருவர் வாக்களித்தால் மட்டும் அது சாதிசனத்தின் குணமாகிவிடுகிறது. நம் ஊர்த் தேர்தல் அலசல்களிலும் இதைப் பார்க்கிறோம். அதை நீட்டப் போவதில்லை.

அடுத்து, அந்த 70 எங்கிருந்து வந்தது? கலிபோர்னியா முழுக்க அந்தக் கணிப்பில் பேசியவர்கள் 2,240 பேர். அதில் 10 சதவீதம் என்றால் கறுப்பினத்தவர் சுமார் 220 பேர். மாநிலமெங்கும் சீராகத் தெரிவு செய்திருந்தால்கூட, 220 பேர் மாதிரியில் 6 புள்ளி இப்படியோ அப்படியோ தவறலாம். எக்ஸிட் போலோ சீரான தெரிவு அல்ல. குறிப்பிட்ட சில வாக்குச்சாவடிகளைத் தேர்ந்தெடுத்து அங்கே நின்று கேட்பது. மாநில முடிவைக் கணிக்கத் தோதாக அந்தச் சாவடிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். உட்பிரிவுகளை அளக்க அல்ல. ஒரே பேட்டையைச் சேர்ந்தவர்கள் ஒன்றாகச் சிக்கினால் பிழை இன்னும் பெருகும்.

2009 ஜனவரியில் பேட்ரிக் ஈகன், கென்னத் ஷெரில் என்ற இரண்டு அரசியல் ஆய்வாளர்கள் ஐந்து கவுண்டிகளின் (நம் மாவட்டம் போன்றவை) வாக்குச்சாவடி வாரியான முடிவுகளையும் வேறு கணிப்புகளையும் சேர்த்துப் பார்த்தார்கள். கறுப்பினத்தவரின் ஆதரவு 57 முதல் 59 சதவீதம்வரை இருக்கலாம் என்று வந்தது. பங்கை எக்ஸிட் போல் சொன்ன 10க்குப் பதில் 7 சதவீதம் என்றும் ஆதரவை 58 என்றும் வைத்து மேலே சொன்ன கணக்கைப் போட்டால் நிகரம் ஒன்றரை லட்சம். வித்தியாசத்தில் கால்வாசி.

58 என்பதும் மாநில சராசரியான 52ஐவிடக் கூடுதல்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த ஆய்வின் அருமையான பகுதி அதற்குப் பதில் சொல்கிறது. வாராவாரம் வழிபாட்டுக்குப் போகிறவர்களில் 70 சதவீதம் பேர், எந்த இனமானாலும், தடையை ஆதரித்தார்கள். கறுப்பினத்தவர்களில் வாராவாரம் போகிறவர்கள் 57 சதவீதம். கலிபோர்னியாவில் பொதுவாக 42. ஒரே அளவு தேவாலயம் போகிறவர்களை இனத்துக்கு இனம் ஒப்பிட்டபோது, கறுப்பினத்தவருக்கும் மற்றவர்களுக்கும் பெரிய வேறுபாடு மிஞ்சவில்லை. கட்சி, கொள்கைச் சாய்வு, வழிபாட்டுப் பழக்கம், வயது ஆகிய நான்கும்தான் வாக்கைப் பிரித்தன. 65 வயதைத் தாண்டியவர்களில் மூன்றில் இரண்டு பங்கு தடைக்கு ஆதரவு. ‘தாத்தா பாட்டிகள் கவிழ்த்துவிட்டார்கள்’ என்று எந்த வீட்டுத் தாத்தா மீதும் யாரும் பாய்ந்ததாகத் தெரியவில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். வாக்குச்சாவடி முடிவு என்பது இடத்தின் முடிவு, ஆளின் முடிவு அல்ல. ஒரு பகுதியில் ஒரு சமூகம் அதிகம் வாழ்கிறது, அங்கே எதிர்ப்பும் அதிகம் என்றால், எதிர்த்தவர்கள் அந்தச் சமூகத்தினரே என்று ஆகிவிடாது. ஈகனும் ஷெரிலும் தந்தது மதிப்பீடுதான். 2017இல் தன்பாலினத் திருமணம் குறித்த ஆஸ்திரேலிய அஞ்சல் வாக்கெடுப்பில் இதே தவறு நடந்தது. நாடு 61.6 சதவீதம் ‘ஆம்’ என்றது. தமிழர்கள் கணிசமாக வாழும் வென்ட்வொர்த்வில் அடங்கிய பாராமட்டா தொகுதியோ 61.6 சதவீதம் ‘இல்லை’ என்றது. மேற்கு சிட்னியில் குடியேறியவர்கள்தான் காரணம் என்று உடனே பேச்சு கிளம்பியது. இனவாரியாகவோ மதவாரியாகவோ வாக்கைப் பதிவு செய்யாத வாக்கெடுப்பு அது. நம்மவர்களில் எத்தனை பேர் எப்படிப் பதில் அனுப்பினார்கள் என்று அந்தத் தாளிலிருந்து யாராலும் எடுத்துச் சொல்ல முடியாது.

சரி, கலிபோர்னியாவில் தோல்வி எப்படித்தான் வந்தது? பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அந்தப் பாவம் இருந்த இடத்தை 2010இல் தன்பாலீர்ப்பாளர் உரிமைச் செயற்பாட்டாளர் டேவிட் ஃபிளைஷர் தயாரித்த நீண்ட அறிக்கை காட்டியது. கடைசி ஆறு வாரத்தில் தடையின் பக்கம் சாய்ந்தவர்கள் நிகரமாக 6 லட்சத்து 87 ஆயிரம் பேர் என்பது அவர் மதிப்பீடு. அதில் சுமார் 5 லட்சம் பேர், 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் வீட்டில் இருக்கும் பெற்றோர். அக்டோபர் முதல் பாதியில் தடை ஆதரவாளர்கள் ஒரு விளம்பரம் வெளியிட்டார்கள். பள்ளியிலிருந்து வரும் சிறுமி, இளவரசன் இளவரசனை மணந்த கதையைப் படித்ததாகவும், தானும் ஓர் இளவரசியை மணக்கலாம் என்றும் அம்மாவிடம் சொல்கிறாள். அம்மா முகம் மாறுகிறது. எதிர்த்தரப்பு இதற்கு நேரடியாகப் பதில் சொல்ல ஏறத்தாழ இரண்டு வாரம் எடுத்துக்கொண்டது. கையில் காசு இல்லாமல் அல்ல. 4 கோடி டாலருக்கு மேல் திரட்டியிருந்தார்கள், தடைத் தரப்பைவிடச் சற்று அதிகம்கூட. பள்ளி, குழந்தை என்ற பேச்சுக்குள் இறங்கவே தயங்கினார்கள். அந்த இடைவெளியில் நழுவியவர்களில் வெள்ளை ஜனநாயகக் கட்சியினர், சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியினர் என்று ‘நம்மவர்கள்’ என நம்பியிருந்தவர்களே நிறைய.

கறுப்பின வட்டாரங்களில் பிரசாரமே பெயரளவுக்குத்தான் நடந்தது என்று கறுப்பினத் தன்பாலீர்ப்பாளர்களே குறை சொன்னார்கள். தடைத் தரப்பு சும்மா இருக்கவில்லை. ஒபாமாவின் படத்தையும், திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலானது என்ற அவரது வாசகத்தையும் அச்சிட்டு வீடுவீடாக அனுப்பியது. ஒபாமா முன்மொழிவு 8ஐ எதிர்ப்பதாகச் சொல்லியிருந்தும்!

இன்னொரு முரண். தன்பாலினத் திருமணத்தை அனுமதித்த 2008 தீர்ப்பு சாய்ந்து நின்ற முன்னுதாரணம், 1948இல் அதே நீதிமன்றம் தந்த பெரெஸ் எதிர் ஷார்ப் தீர்ப்பு. கலப்புத் திருமணத் தடையை உடைத்த வழக்கு அது. தொடுத்தவர்கள் மெக்சிகோ வம்சாவளிப் பெண் ஆண்ட்ரியா பெரெஸும் கறுப்பின ஆண் சில்வெஸ்டர் டேவிஸும். யாரைப் பழித்தார்களோ அந்த மக்கள் வென்று கொடுத்த உரிமையின் மீதுதான் பழித்தவர்களின் வழக்கே நின்றது.

பழி விழுந்த இன்னொரு தரப்பு மார்மன்கள், அமெரிக்காவில் தோன்றிய ஒரு திருச்சபையினர். அந்த விஷயம் கொஞ்சம் வேறு. அங்கே தலைமை ஒரு முடிவெடுத்தது. உறுப்பினர்கள் பணமும் நேரமும் தர வேண்டும் என்ற கடிதத்தை 2008 ஜூன் 29 அன்று கலிபோர்னியா சபைகளில் வாசித்தார்கள். பணமில்லாப் பங்களிப்பு சிலவற்றை உரிய நேரத்தில் கணக்குக் காட்டாததற்காக 2010இல் மாநிலத் தேர்தல் நிதி ஆணையம் அந்தத் திருச்சபைக்கு 5,538 டாலர் அபராதம் விதித்தது. இதைப் பேசலாம், பேசத்தான் வேண்டும். எய்தவன் இருக்க அம்பை நோவது கூடாது. ஆனால் மார்மன் கோயில்களுக்கு வெள்ளைப் பொடி வைத்த உறைகள் போனதும், லாஸ் ஏஞ்சலஸில் நூறு டாலர் கொடுத்த ஒருவர் வேலை பார்த்த உணவகத்தைப் புறக்கணித்து அங்கே பரிமாறிய தொழிலாளர் வயிற்றில் அடித்ததும் எந்த வகை நியாயத்திலும் சேராது. உறை அனுப்பியது யார் என்றே தெரியவில்லை. பழி மட்டும் தோற்ற இயக்கத்தின் மீது வந்தது.

ஆகவே உரிமைக்காகப் போராடும் நாம் ஒரு வாக்கெடுப்பில் தோற்றால், அந்த வாரத்தில் என்ன செய்வது? முதல் அறிக்கையில் சமூகத்தின் பெயரே வேண்டாம். செய்தவர், செய்த செயல், தேதி, தொகை என்ற நான்கும் இருந்தால் எழுதுங்கள். இல்லாவிட்டால் அந்த வாக்கியத்தை அடித்துவிடுங்கள். ‘மார்மன்கள் உரிமையைப் பறித்தார்கள்’ என்பது தவறு. ‘ஜூன் 29 கடிதத்தின் மூலம் திருச்சபைத் தலைமை பணம் திரட்டச் சொன்னது’ என்பது சரி. செய்தியாளர் எக்ஸிட் போலை நீட்டினால் மாதிரி எத்தனை பேர் என்று முதலில் கேளுங்கள். இறுதி எண்ணிக்கைக்கு வாரக்கணக்கில் ஆகும், அதுவரை உட்பிரிவுக் கணக்கைப் பேச மாட்டோம் என்று சொல்லிவிடுங்கள். ஊர்வலத்தை வழிபாட்டு வாசலில் நடத்தாதீர்கள். நிதி திரட்டிய பிரசார அலுவலகமோ மாநில அரசு அலுவலகமோ போதும். தன்னார்வலர்களுக்கு முன்கூட்டியே ஒரு விதி: இனவசை காதில் விழுந்தால் அங்கேயே நிறுத்தி, பேசியவரை வெளியேற்ற வேண்டும். மேடையில் முதலில் பேசுவது, பழி விழப்போகிற சமூகத்தைச் சேர்ந்த தன்பாலீர்ப்பாளராக இருக்கட்டும். கடைசியில் ‘பன்முகத்தன்மைக்காக’ இரண்டு நிமிடம் கொடுப்பது அவமானம்.

இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் அடுத்த வாக்கெடுப்பு. 2009இல் மேய்ன் மாநிலம் 53க்கு 47 என்று தன்பாலினத் திருமணச் சட்டத்தை ரத்து செய்தது. அங்கே மக்கள்தொகையில் 95 சதவீதம் வெள்ளையர். பழி போட ஆளில்லை. வேறு வழியின்றி வீடுவீடாகப் போய் எதிர்த்து வாக்களித்தவர்களிடமே உட்கார்ந்து பேசினார்கள். 2012இல் வென்றார்கள்.

அதே நாளில் மேரிலாந்து மாநிலத்திலும் தன்பாலினத் திருமணச் சட்டத்தின் மீது வாக்கெடுப்பு. அங்கே கறுப்பினத்தவர் ஏறக்குறைய 30 சதவீதம். அந்த ஆண்டு மே 19 அன்று கறுப்பினத்தவரின் பழம்பெரும் உரிமைச் சங்கமான என்ஏஏசிபி தன்பாலினத் திருமண உரிமையை ஆதரித்துத் தீர்மானம் போட்டது. பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுண்டியில் மவுண்ட் எனன் பாப்டிஸ்ட் தேவாலயப் போதகர் டெல்மன் கோட்ஸ் விளம்பரத்தில் தோன்றி, சபையின் கோட்பாடு வேறு, எல்லோருக்குமான சட்டம் வேறு என்ற வாதத்தை வைத்தார். நான்கு ஆண்டும் ‘உங்கள் ஆட்கள் இப்படித்தான்’ என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டியிருக்க முடியுமா? கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக வாழும் அந்தக் கவுண்டி சிறு வித்தியாசத்தில் ‘வேண்டாம்’ என்றுதான் சொன்னது. ஆனால் அங்கே 70க்கு 30 நடக்கவில்லை, கிட்டத்தட்ட சரிபாதி. மாநிலம் 52.4 சதவீதத்தில் சட்டத்தைக் காப்பாற்றியது.