அண்ணாமலைநகரில் அறிவியலும் பொறியியலும்

அவையோருக்கு என் வணக்கம்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகம் என்றதும் நம் டெல்டா மக்களின் நினைவுக்கு முதலில் வருபவை தமிழும் தமிழிசையுமே. அது முறைதான். ஆனால் அதே வளாகத்தில் கணிதமும் அறிவியலும் முதலில் வேர்விட, பொறியியல் பின்னர் வந்து சேர்ந்த வரலாற்றை நாம் போதிய அளவு பேசவில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.

1920இல் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் தொடங்கிய மீனாட்சி கல்லூரி, 1929இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. அதே ஆண்டில் கணித விரிவுரையாளராக வந்தவர், செங்கோட்டைப் பக்கத்து வல்லத்தில் பிறந்த எஸ். எஸ். பிள்ளை. இவரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். எந்த முழு எண்ணையும் நான்கு வர்க்க எண்களின் கூட்டுத்தொகையாக எழுதிவிடலாம். அப்படியானால் மூன்றாம் அடுக்குக்கு எத்தனை எண்கள் வேண்டும், ஆறாம் அடுக்குக்கு எத்தனை என்பது 1770இல் வாரிங் என்ற ஆங்கிலேயர் விட்டுச்சென்ற புதிர். 1930களின் நடுவில், அமெரிக்காவில் டிக்சன் என்ற கணித அறிஞர் இதே புதிருக்காகத் தனியே உழைத்துக்கொண்டிருந்த அதே காலத்தில், பிள்ளை சிதம்பரத்தில் இருந்தபடியே அதன் பெரும்பகுதிக்கு விடை கண்டார். ஆறாம் அடுக்குக்கு 73 எண்கள் போதும் என்று 1940இல் அவர் நிறுவியதை எண்ணும்போதெல்லாம் எனக்கு உள்ளம் பூரிக்கிறது.

அவர் 1941இல் விடைபெற்றுச் சென்றார். 1945இல் பொறியியல் கல்வி இங்கே தொடங்கியது. அதுவரை நம் பிள்ளைகள் பொறியியல் படிக்கப் பெரும்பாலும் கிண்டியையே நம்பியிருந்தனர்.

பொறியியல் இந்த மண்ணுக்குப் புதிதன்று. 1830களில் பரங்கிப்பேட்டையில் ஹீத் என்பவர் சேலத்துத் தாதைக் கொண்டுவந்து இரும்பு உருக்கினார், அது நிலைக்கவில்லை. நிலைத்தது, 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே ஆர்தர் காட்டன் கட்டிய அணைக்கரைக் கீழணை. அங்கிருந்து வடவாற்றின் வழியே வீராணம் ஏரிக்கு வரும் நீர்தான் இன்றும் காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் வட்டங்களின் வயல்களில் பாய்கிறது. அந்த வயல்களில் உழைத்த குடும்பங்களின் பிள்ளைகள், அணையும் மதகும் எப்படி இயங்குகின்றன என்பதை வீட்டுக்கு அருகிலேயே பாடமாகப் படிக்க முடிந்ததைத்தான் 1945இன் பெரும்பேறு என்பேன்.

1950இல் பிரின்ஸ்டன் ஆய்வு நிறுவனத்துக்குப் புறப்பட்ட பிள்ளை, கெய்ரோ அருகே நேர்ந்த விமான விபத்தில் மறைந்தார். அண்ணாமலைநகருக்கு வரும் ஒவ்வொரு முதலாண்டுப் பொறியியல் மாணவருக்கும் முதல் கணித வகுப்பிலேயே அவர் பெயரைச் சொல்லுங்கள் என்று இங்கே வந்திருக்கும் ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.