அம்மாவின் கட்டிலோரம் ஒரு மேசை

நேயர்களுக்கு வணக்கம். வயதான அம்மாவோ அப்பாவோ இரவில் விழித்தால் முதலில் கை துழாவுவது தண்ணீர்ச் செம்பையும் மூக்குக்கண்ணாடியையும்தான். அவற்றை வைக்க ஒரு சின்ன மேசையை நம் கையாலேயே எப்படிச் செய்வது என்று இன்று சொல்கிறேன்.

முதலில் அளக்க வேண்டியது கட்டிலை. மெத்தையின் மேல்மட்டம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று பாருங்கள். மேசை அதைவிட இரண்டு அங்குலம் கூடுதலாக இருந்தால் போதும். அதற்கு மேல் போனால் படுத்தபடி கை எட்டாது. மெத்தையோடு 18 அங்குலம் வரும் கட்டிலுக்கு 20 அங்குல மேசை. மேல்பலகை 16க்கு 14 அங்குலம், கனம் ஆறு நூல் (எட்டு நூல் ஒரு அங்குலம்). கால்கள் ஒன்றரை அங்குலச் சதுரம், நீளம் பத்தொன்பதேகால். கால்களை இணைக்கும் சட்டங்கள் 3 அங்குல அகலம், ஆறு நூல் கனம். இரண்டு பன்னிரண்டரை அங்குலம், இரண்டு பத்தரை அங்குலம். காலின் துளைக்குள் நுழையும் மெல்லிய முனைகளான நாக்குகளும் இந்த நீளத்துக்குள் அடக்கம்.

சேதாரமும் சேர்த்து 0.4 கன அடி மரம் வேண்டும். புது மரத்தைவிடப் பழைய மரக்கடையில் கிடைக்கும் தேக்கு நிலை, கதவுப் பலகைகளையே நான் சிபாரிசு செய்வேன். நன்றாகக் காய்ந்த மரம் எளிதில் முறுக்காது. உள்ளே ஆணி ஒளிந்திருக்கும். காந்தத்தை ஓட்டிப் பார்த்துப் பிடுங்கிய பிறகே இழைப்புளியை வையுங்கள். வெள்ளைப் பகுதியைக் கழித்துவிடுங்கள். அதில் மாவுச்சத்து இருப்பதால் வண்டு துளைத்து உளுத்துப்போகும்.

கால்களும் சட்டங்களும் சேரும் இந்தக் கூட்டில் ஆணி வேண்டாம். அம்மா எழும்போது மேசையில்தான் கையை ஊன்றுவார், ஆணி நாளடைவில் இளகிவிடும். சட்டத்தின் இரு முனையிலும் முக்கால் அங்குல நீளம், இரண்டு நூல் கனத்தில் நாக்கு விடுங்கள். அதே அளவுக்குக் காலின் நடுவில் துளை எடுங்கள். ஒரே காலில் இரண்டு பக்கத் துளைகளும் உள்ளே சந்திக்கும். அதனால் நாக்கு நுனிகளை 45 பாகையில் சாய்த்து அறுக்க வேண்டும், இல்லையென்றால் ஒன்று மற்றதை முட்டி நிறுத்திவிடும். நாக்கு கையால் அழுத்தி நுழைய வேண்டும். கொட்டாப்புளியால் ஓங்கி அடித்தால்தான் இறங்கும் என்றால் கால் பிளந்துவிடும். தானாக விழுந்தால் பசை தாங்காது. தேக்கில் எண்ணெய் உண்டு, ஆகவே இழைத்த அன்றே ஃபெவிகால் போடுங்கள். கிளாம்ப் இறுக்கியதும் மூலைக்கு மூலை அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இல்லாவிட்டால், பசை காயும் முன்பே அளவு கூடுதலாக உள்ள எதிரெதிர் மூலைகளை அழுத்திச் சரிசெய்ய வேண்டும்.

இனி மேல்பலகை. வீட்டில் செய்யும் மேசைகள் பெரும்பாலும் வீணாவது இங்கேதான். மரம் நீளவாக்கில் அசையாது, அகலவாக்கில் அசையும். ஐப்பசி மழையில் இந்தப் பலகை அரை நூல், சில சமயம் ஒரு நூல்கூட விரியும். சித்திரை வெயிலில் சுருங்கும். சட்டத்தோடு சேர்த்து ஒட்டிவிட்டால் சுருங்க வழியில்லாமல் நடுவில் வெடிக்கும். எனவே சட்டங்களின் உள்பக்கத்தில் பள்ளம் எடுத்து, ஒரு முனையில் உதடுபோல் மெல்லிய நீட்டு வைத்த சிறு மரக்கட்டைகளை அதில் செருகி, கட்டையைப் பலகையின் அடியில் மட்டும் ஸ்குரு போட்டுப் பிடியுங்கள். பக்கத்துக்கு இரண்டு கட்டை போதும். நீளச் சட்டங்களில் கட்டைக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி. குட்டைச் சட்டங்களில் கட்டை நகரும் அளவுக்குப் பள்ளம் நீளமாக இருக்கட்டும். முக்கால் அங்குலக் கட்டைக்கு ஒன்றேகால் அங்குல ஸ்குரு சரி. ஒன்றரை போட்டால் நுனி மேலே வந்துவிடும்.

மூலைகளை நன்றாக உருட்டுங்கள், இருட்டில் முழங்கால் படும் இடம் அது. 120, 180, 220 என்று உப்புத்தாளை ரேகை போகும் திசையிலேயே தேயுங்கள். அரக்கு பாலிஷ் பார்வைக்கு அழகு. ஆனால் சூடான காபி டம்ளர் வைத்தால் வெள்ளை வளையம் விழும். மேல்பலகைக்கு பி.யு. (பாலியூரித்தேன்) பூச்சு நல்லது. கால்களின் அடிப்பக்கத்துக்கும் இரண்டு கை பூசி ரப்பர் புஷ் மாட்டுங்கள். தினம் ஈரத்துணியால் தரை துடைக்கும் வீட்டில் மரம் தண்ணீர் குடிப்பது அந்த அடிமுனை வழியாகத்தான். பூச்சின் வாடை முழுக்கப் போகும்வரை மேசை திண்ணையிலேயே இருக்கட்டும். பிறகு கட்டிலோரம் கொண்டுபோகலாம்.