சொதி பொங்கினால் நெருப்பு ஏன் மஞ்சளாகிறது? அணுவின் அமைப்பு, தொடக்கத்திலிருந்து

[திரை: காஸ் அடுப்பு, நீலச் சுவாலை. சட்டியிலிருந்து சொதி பொங்கி விளிம்பால் வழிகிறது.]

குரல்: சொதி பொங்கி வழியும்போது அடுப்பைக் கவனித்திருக்கிறீர்களா? நீலமாக எரிந்த சுவாலை அந்த இடத்தில் மட்டும் பளிச்சென்று மஞ்சளாகும். சில விநாடியில் திரும்ப நீலமாகிவிடும். மஞ்சள்தூளின் வேலை என்று நினைக்க வேண்டாம். உப்புத்தண்ணீர் ஒரு துளி பட்டாலும் அதே நிறம்தான். உப்பிலுள்ள சோடியம் தருகிற நிறம் அது. எப்படித் தருகிறது என்று தெரிய, சோடியம் அணு ஒன்றுக்குள் போய்ப் பார்க்க வேண்டும்.

[திரை: நடுவில் கரு. சுற்றி மூன்று வட்டங்கள். புள்ளிகள் ஒவ்வொன்றாக வருகின்றன.]

கருவில் 11 புரோத்தன், 12 நியூத்திரன். வெளியே 11 இலத்திரன். புரோத்தனுக்கு நேர் ஏற்றம், இலத்திரனுக்கு அதே அளவு மறை ஏற்றம், நியூத்திரனுக்கு ஏற்றமே இல்லை. பதினொன்றும் பதினொன்றும் ஈடாகிவிடுவதால் முழு அணு நடுநிலை. புரோத்தனும் நியூத்திரனும் திணிவில் ஏறத்தாழச் சமம். இலத்திரனோ புரோத்தனின் 1836இல் ஒரு பங்குதான்.

படத்தில் கருவைப் பெரிதாக வரைந்திருப்பது உள்ளே எழுத இடம் வேண்டும் என்பதற்காக மட்டுமே. உண்மை அளவு வேறு. ஒரு பொன் அணுவை கெத்தாராம பிரேமதாச மைதானம் அளவுக்கு, குறுக்கே 140 மீற்றருக்கு, பெருப்பித்தால் அதன் கரு எவ்வளவு இருக்கும்? ஏறத்தாழ 7 மில்லிமீற்றர். காலிமுகத்திடலில் வண்டியில் விற்கிறார்களே, அந்தக் கடலையில் சின்னதாக ஒன்று. அணுவின் திணிவில் 99.9 சதவீதத்துக்கு மேல் அந்தக் கடலைக்குள்தான். 1909இல் மஞ்செஸ்டரில் கைகரும் மார்ஸ்டனும் மெல்லிய பொன் தகட்டை நோக்கி அல்பா துணிக்கைகளை, அதாவது கதிர்த்தொழிற்பாட்டில் வெளிவரும் நேர் ஏற்றமுள்ள துணிக்கைகளை, செலுத்தினார்கள். பெரும்பாலானவை தகடே இல்லாததுபோலப் போய்விட, மிகச் சில மட்டும் பின்னோக்கித் தெறித்தன. நடுவில் கரு இருக்கிறது என்று இரதபோட் 1911இல் சொன்னது இதை வைத்துத்தான்.

[திரை: அணுவெண் 11, திணிவெண் 23.]

புரோத்தன்களின் எண்ணிக்கை அணுவெண். அதனோடு நியூத்திரன்களையும் கூட்டினால் திணிவெண். 23இலிருந்து 11 போனால் 12 நியூத்திரன். கணக்கு இவ்வளவுதான், ஆனால் பரீட்சையில் இரண்டு இடத்தில் வழுக்கும்.

முதலாவது, அயன், அதாவது இலத்திரனை இழந்தோ பெற்றோ ஏற்றம் கொண்ட அணு. சோடியம் அயனில் எத்தனை புரோத்தன் என்று கேட்டால் பலர் 10 என்று எழுதிவிடுகிறார்கள். அணு இழந்தது ஓர் இலத்திரனை. புரோத்தன் 11 அப்படியே இருக்கிறது. புரோத்தன் 10 ஆனால் அது சோடியமே அல்ல, நேயன்.

இரண்டாவது, குளோரீனின் 35.5. இதிலிருந்து 17ஐக் கழித்து 18.5 நியூத்திரன் என்று எழுதுவது. அரை நியூத்திரன் எங்கே கிடைக்கும்? 35.5 திணிவெண் அல்ல, சார் அணுத்திணிவு. அதாவது சராசரி. இயற்கைக் குளோரீனில் 100 அணுக்களை எடுத்தால் சுமார் 76 அணுக்களின் திணிவெண் 35, மீதி 24இன் திணிவெண் 37.

[திரை: 76 × 35 = 2660. 24 × 37 = 888. கூட்டினால் 3548. 100ஆல் வகுத்தால் 35.48.]

புரோத்தன் 17தான், நியூத்திரன் மட்டும் 18 அல்லது 20. இவைதான் சமதானிகள். இந்த விடயத்தில் எங்கள் தீவுக்கும் ஒரு பங்கு உண்டு. சாதாரண ஈயத்தின் சார் அணுத்திணிவு 207.2. இலங்கைத் தோரைற்றுக் கனிமத்திலிருந்து எடுத்த ஈயமோ அதைவிடப் பாரமானது, 207.7 அளவில் வந்தது. தோரியம் சிதைந்து கடைசியில் ஈயம் 208 ஆக நிற்பதே காரணம். சமதானிகள் பற்றிய ஆய்வுக்காக 1921ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்ற பிரெடெரிக் சொடி, தன் வாதத்துக்கு எடுத்துக்காட்டிய ஆதாரங்களில் இந்த இலங்கை ஈயமும் ஒன்று.

[திரை: சோடியம் 2, 8, 1.]

இனி இலத்திரன்கள். முதலாம் சக்திமட்டத்தில் 2, இரண்டாவதில் 8, மிச்சம் ஒன்று மூன்றாவதில். பொற்றாசியத்துக்கு வரும்போது 2, 8, 9 என்று எழுதத் தோன்றும், ஏனென்றால் மூன்றாம் மட்டம் 18 வரை கொள்ளும். ஆனாலும் சரியான விடை 2, 8, 8, 1. பத்தொன்பதாவது இலத்திரனுக்கு மூன்றாம் மட்டத்தில் மீதியுள்ள இடங்களைவிட நான்காம் மட்டத்தின் முதலிடம் சக்தி குறைந்தது. முதல் 20 மூலகங்களுக்கு இந்த 2, 8, 8, 2 வரிசை போதும். 21ஆவதான ஸ்கந்தியத்திலிருந்து உள்ளதை, ஒபிற்றல் (அணுவில் இலத்திரன் இருக்கக்கூடிய பகுதி) படித்த பிறகு பார்க்கலாம்.

[திரை: மீண்டும் அடுப்பு. மஞ்சள் சுவாலை, மிக அருகில்.]

சொதிக்கு வருவோம். உப்பில் இருப்பது சோடியம் அயன். சுவாலையின் சூட்டில் அதில் சிறு பகுதி இலத்திரனைத் திரும்பப் பெற்று அணுவாகிறது. அந்தப் பதினோராவது இலத்திரன் வெப்பத்தால் படி ஏறுவதுபோல மேலுள்ள சக்தி நிலைக்கு ஏறி, உடனே இறங்குகிறது. இறங்கும்போது விடுகிற சக்திதான் 589 நனோமீற்றர் அலைநீளமுள்ள மஞ்சள் ஒளி. படிகளின் இடைவெளி மூலகத்துக்கு மூலகம் வேறு. அதனால்தான் கல்சியம் செங்கற் சிவப்பு, பொற்றாசியம் மெல்லிய ஊதா.

ஆய்வுகூடத்தில் செய்வதானால் நைக்குரோம் கம்பியைக் கடும் ஐதரோகுளோரிக் அமிலத்தில் தோய்த்துச் சுவாலையில் பிடியுங்கள். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். சுவாலையில் நிறம் எதுவும் வராமல் போகும் வரை திரும்பத் திரும்பச் செய்த பிறகே கம்பியால் உப்பைத் தொட வேண்டும். கம்பி முனையை விரலால் பிடிக்காதீர்கள். கொழும்பு வெயிலில் வியர்த்த விரல் பட்டாலே சோடியம் ஒட்டிவிடும், பொற்றாசியத்தின் ஊதாவை அந்த மஞ்சள் விழுங்கிவிடும். அப்படி ஆனால் நீலக் கோபாற்றுக் கண்ணாடியூடாகப் பாருங்கள். மஞ்சளைக் கண்ணாடி உறிஞ்சிக்கொள்ள, ஊதா தெரியும்.